திரவ நைட்ரஜன் குழாய்க்கு எந்த உலோகம்? வாளையார்–கஞ்சிக்கோடு பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோடு வரை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு, கேட், ஷெட், ட்ரஸ் வேலைகளோடு இன்னொரு வகை வேலையும் வருகிறது: திரவ நைட்ரஜன் குழாய். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை லேசரில் வெட்டுகிறவர்கள், உணவுப் பொட்டலம் அடைக்கிறவர்கள், ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்கள் எல்லாருக்கும் நைட்ரஜன் வேண்டும். சிலிண்டராக வாங்கிக் கட்டுப்படியாகாதபோது திரவமாக வாங்குகிறார்கள். தொட்டியை வாயு கம்பெனியே கொண்டுவந்து நிறுத்திவிடும். தொட்டியிலிருந்து ஆவியாக்கி (திரவத்தை வாயுவாக மாற்றும் கருவி) வழியாக இயந்திரம் வரை போகும் குழாய், அதன் தாங்கிகள், போல்ட், அடியில் வைக்கும் தட்டு ஆகியவை பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையின் பொறுப்பில் வந்து விழும். கொட்டேஷன் கொடுப்பதற்கு முன் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த உலோகத்தில் செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரவம் ஓடும் இடம் முழுவதும், தவறிப்போய் அது எட்டக்கூடிய இடம் முழுவதும் 304எல் ஸ்டெயின்லெஸ். ஆவியாக்கிக்கு அலுமினியம். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) வெளியே நிற்கட்டும். இந்தப் பதிலில் எல்லாரும் சறுக்குவது அந்த ‘தவறிப்போய்’ என்ற இடத்தில்தான். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

குளிர்ந்தால் இரும்பு பலம் இழந்துவிடும் என்று வேலை தெரிந்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர் எதிர். நைட்ரஜன் கொதிக்கும் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய எல்லாக் கட்டுமான உலோகங்களும் பலம் கூடுகின்றன. எம்.எஸ். வளைந்துகொடுக்கத் தொடங்கும் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. 304எல் ஸ்டெயின்லெஸ் சாதாரண வெப்பத்தில் 550, 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் அறுந்தால், அந்தக் குளிரில் சுமார் 1,500 வரை தாங்கும். 5083 அலுமினியம் 290லிருந்து 400ஐத் தொடும். பலத்தை மட்டும் பார்த்து ஓர் அட்டவணை போட்டால் எம்.எஸ். தேறிவிடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

பார்க்க வேண்டியது உடைகிற விதத்தை. அதை அளப்பது சார்ப்பி என்ற அடிச்சோதனை. 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு துண்டு, நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவ வெட்டு. அதைத் திரவ நைட்ரஜனில் குறைந்தது ஐந்து நிமிடம் முக்கி, எடுத்த ஐந்து விநாடிக்குள் ஊசல் சுத்தியலால் அடிக்க வேண்டும். எம்.எஸ். துண்டு சாக்பீஸ் போல இரண்டாகித் தெறிக்கும். சுத்தியல் வேகம் குறையாமல் மறுபக்கம் போய்விடும். காட்டும் கணக்கு சில ஜூல்தான். உடைந்த முகம் தட்டையாக, சர்க்கரைத் துகள் ஒட்டியது மாதிரி மினுங்கும். ஓரங்களில் துளி நெளிவுகூட இருக்காது. அதே குளிரில் 304எல் துண்டை அடித்தால் சுத்தியல் திணறும். துண்டு மடங்கும், கிழியும், பல நேரம் முழுதாகப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே கீழே விழும். கிழிந்த முகம் மங்கலான சாம்பல் நிறத்தில், நார் நாராக இருக்கும். கணக்கு 100 ஜூலைத் தாண்டும். வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு வெல்டரும் இந்த இரண்டு முகங்களையும் ஒரு முறையாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு யாரும் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையிருக்காது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. சாதாரண எஃகில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் அதன் நடுவிலும் உட்கார்ந்திருக்கின்றன. உலோகம் வளைய வேண்டுமென்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ வேண்டும். இந்த வகை அடுக்கில் நழுவுவதற்கு வெப்பத்தின் உதவி தேவைப்படுகிறது. குளிரக் குளிர நழுவுவது கடினமாகிறது. ஒரு கட்டத்தில் நழுவுவதைவிடப் பிளப்பதே எளிது என்றாகிவிடும். பலம் கூடுவதும் நொறுங்குவதும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. நிக்கல் சேர்த்த ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் (304எல் இந்த வகைதான்), அலுமினியம், செம்பு ஆகியவற்றில் அணுக்கள் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் இருக்கின்றன. அங்கே நழுவும் வழிகள் நிறைய, குளிரால் அவை அடைபடுவதும் இல்லை. அதனால் அவை பலமும் கூடி, நெகிழ்வையும் வைத்துக்கொள்கின்றன.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில், கட்டி முடித்துத் துறையில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் அசையாமல் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. புயலோ மோதலோ எதுவும் இல்லை, குளிரில் அதன் எஃகு நொறுங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 20 அன்று கிளீவ்லாந்து நகரில் திரவ இயற்கை எரிவாயுத் தொட்டி ஒன்று பிளந்து, திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடித் தீப்பிடித்ததில் 130 பேர் இறந்தார்கள். அந்தத் தொட்டி 3.5 சதவீத நிக்கல் சேர்த்த எஃகால் ஆனது. சாதாரண எம்.எஸ்.ஸைவிட எவ்வளவோ மேலான எஃகுதான், ஆனாலும் மைனஸ் 160 டிகிரிக்கு அது போதாது.

இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். நம் பட்டறைகளில் கிடக்கும் ஐ.எஸ். 2062 தகட்டில் ஏ, பி.ஆர்., பி0, சி என்று தரங்கள் உண்டு. ஏ தரத்துக்கு அடிச்சோதனையே கட்டாயம் இல்லை. மிக உயர்ந்த சி தரத்துக்குக்கூட மைனஸ் 20 டிகிரியில்தான் உத்தரவாதம். குழாய்களில் ஏ106 மைனஸ் 29 வரை. அடிச்சோதனை செய்து வரும் ஏ333 கிரேடு 6 மைனஸ் 45 வரை. 3.5 சதவீத நிக்கல் எஃகு மைனஸ் 101 வரை. புரோபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கிறது. குளிர்பானக் கம்பெனிகள் கரியமில வாயுவை மைனஸ் 20, 30 டிகிரியில் அழுத்தத்தோடு வைத்திருக்கின்றன. அந்த வேலைகளில் இந்த எஃகுகளுக்குத் தாராளமாக இடம் உண்டு. நைட்ரஜன் பக்கம் அவற்றைக் கொண்டுவரக்கூடாது.

9 சதவீத நிக்கல் எஃகு வேறு ரகம். மைனஸ் 196 வரை அங்கீகாரம் பெற்றது. சாதாரண வெப்பத்திலேயே 585 மெகாபாஸ்கல் வரை வளையாமல் நிற்கும். 304எல்லின் குறைந்தபட்ச அளவு வெறும் 170. அதனால் தகட்டின் கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடற்கரை முனையங்களில் நிற்கும் பிரம்மாண்டமான எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) தொட்டிகளின் உட்கலத்துக்கு இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். நம் அளவுக்கு இது பொருந்தாது. சிறு அளவில் சரக்கு கிடைக்காது. பற்ற வைக்க நிக்கல் உலோகக்கலவை ராடு வேண்டும், அதன் விலையே வேலையை விழுங்கிவிடும். தவிர, இந்த எஃகு சுலபமாகக் காந்தமேறும். காந்தமேறிய தகட்டில் டி.சி. ஆர்க் ஒரு பக்கமாக ஓடிவிடும், ராடு சொன்ன பேச்சைக் கேட்காது. காந்தக் கிரேனில் தகட்டைத் தூக்கக்கூடாது என்ற விதி அதனால் வந்தது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கத் தொட்டி மிகப் பெரியதாக இருக்க வேண்டும்.

அலுமினியத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் பைக்கில் தொங்கும் திரவ நைட்ரஜன் கேன் அலுமினியம்தான். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோனியில் கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் காளைப் பண்ணையே இருக்கிறது. விந்துக் குச்சிகள் ஊருக்கு ஊர் போவது இத்தகைய கேன்களில்தான். எடை குறைவு, குளிரில் நொறுங்காது. ஆனால் அந்தக் கேனின் கழுத்தைக் கவனித்தால் அது அலுமினியமாக இருக்காது, கண்ணாடியிழை. காரணம், அலுமினியம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போகும். 5083 அலுமினியம், ஸ்டெயின்லெஸைப்போல ஏழெட்டு மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. கழுத்தும் அலுமினியமாக இருந்தால் உள்ளே இருக்கும் நைட்ரஜன் விரைவில் ஆவியாகிவிடும்.

இந்தக் குறையே ஆவியாக்கியில் குணமாகிவிடுகிறது. அங்கே நமக்கு வேண்டியது வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே புகுவதுதானே. அதனால் நட்சத்திர வடிவில் இறக்கை வைத்த அலுமினியக் குழாய்களுக்கு மாற்றாக வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ராக்கெட்டிலும் அலுமினியம்தான். இந்தியாவின் கிரையோஜெனிக் நிலைகளில் மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரி ஆக்சிஜனையும் சுமக்கும் தொட்டிகள் 2219 என்ற அலுமினியக் கலவையால் ஆனவை. அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. தரையில் கான்கிரீட் மேடையில் நிற்கும் குழாய்க்கு எடையைக் குறைத்து யாருக்கு என்ன லாபம்?

குழாயையும் அலுமினியத்திலேயே போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, அலுமினியத்தை ஸ்டெயின்லெஸ் வால்வோடு நேரடியாகப் பற்ற வைக்க முடியாது. பெரும்பாலும் ஃபிளாஞ்ச் (போல்ட்டால் இறுக்கும் விளிம்புத் தட்டு) போட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, சுருக்கம். சாதாரண வெப்பத்திலிருந்து மைனஸ் 196 வரை போனால் அலுமினியம் ஒரு மீட்டருக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் சுருங்கும். ஸ்டெயின்லெஸ் சுமார் 3, சாதாரண எஃகு சுமார் 2. அலுமினிய ஃபிளாஞ்சை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் இறுக்கினால், குளிரும்போது ஃபிளாஞ்ச் போல்ட்டைவிட அதிகம் சுருங்கி இறுக்கம் தளரும், கசியும். ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்சில் கடையில் கிடைக்கும் எஃகு போல்ட்டைப் போட்டாலும் அதே கதைதான். அங்கே போல்ட் நொறுங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. போல்ட்டும் பி8 என்ற தர ஸ்டெயின்லெஸாகவே இருக்கட்டும்.

செம்புக்கு அதிக இடம் வேண்டாம். குளிரில் அது நன்றாகவே நடந்துகொள்ளும். பிரேஸிங் தெரிந்தவர் இருந்தால் சிறு விட்டக் குழாய்களுக்குப் போதும். பெரிய குழாய்க்கு அது மிருது, விலையும் இடிக்கும்.

ஆக மிஞ்சுவது ஸ்டெயின்லெஸ். அதில் 304எல்லா 316எல்லா என்று ஒரு விவாதம் ஓயாமல் நடக்கிறது. 316எல்லில் கூடுதலாக இருக்கும் மாலிப்டினம் உப்புக்காற்றையும் குளோரைடையும் எதிர்ப்பதற்கு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் பாலக்காட்டில் உலர்ந்த நைட்ரஜனைக் கொண்டுபோக அது எதற்கு? கொச்சிக் கடற்கரையில் வேலை என்றால் நானே 316எல்லைச் சொல்வேன். கஞ்சிக்கோட்டில் 304எல்லே போதும், மிச்சமாகும் பணத்தை வெல்டிங் தரத்தில் போடுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் கடையில் ‘எஸ்.எஸ்.’ என்று கொடுப்பதெல்லாம் 304 இல்லை என்பது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசையும் நைட்ரஜனையும் ஏற்றிய 200 வரிசை மலிவாகக் கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பிக்கு நல்ல சரக்கு. அதில் நிக்கல் மிகக் குறைந்த ரகங்கள் கடுங்குளிரில் நெகிழ்வை இழந்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்தால் இதுவும் ஒட்டாது, 304உம் ஒட்டாது. 430 போன்ற ஃபெரிடிக் ரகத்தை மட்டும் காந்தம் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, நல்ல 304ஐக் குளிர்நிலையில் வளைத்த பெண்டிலும் டிஷ்ஷிலும் காந்தம் லேசாக ஒட்டும், அதனால் நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. காந்தத்தை நம்பாதீர்கள். மில் சர்டிஃபிகேட்டில் (ஆலை தரும் தரச் சான்றிதழில்) இருக்கும் ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) குழாயின்மேல் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவியால் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

வெல்டிங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 308எல் ராடில் பற்ற வைக்கும்போது உருகிய உலோகம் வெடிக்காமல் உறைவதற்குக் கொஞ்சம் ஃபெரைட் (இரும்பின் ஒரு வகைப் படிக அமைப்பு) தேவை. அந்த ஃபெரைட்டின் அணு அமைப்போ எம்.எஸ்.ஸின் அமைப்பேதான், குளிரில் அது நொறுங்கும். குறைந்தால் சூட்டில் வெடிப்பு, கூடினால் குளிரில் வெடிப்பு. ஃபெரைட் எண் 3லிருந்து 8க்குள் நிற்பது நல்லது. ராடு வாங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆர்கான் வெல்டிங்தான் சிறந்தது. ஃபிளக்ஸ் ராடில் வெல்டுக்குள் போகும் ஆக்சிஜன் நெகிழ்வைக் குறைக்கிறது. உள்பக்கமும் ஆர்கான் விட்டுப் பர்ஜ் செய்யாமல் (காற்றை வெளியேற்றாமல்) ரூட் என்ற முதல் அடுக்கு வெல்டைப் போடுவது, காசு மிச்சம் பிடிக்கப் போய் வேலையைக் கெடுப்பது. உள்ளே கருகிப் பொருக்காகக் கிடப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது.

இனி அந்த ‘தவறிப்போய்’. 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில், சூடான எண்ணெய் ஓட வேண்டிய ஒரு வெப்பமாற்றி அந்த ஓட்டம் நின்றதால் மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்துபோனது. அந்தக் குளிரை அது ஒருநாளும் சந்திக்க வேண்டியதில்லை என்று வடிவமைக்கப்பட்ட எஃகுக் கலம். திரும்பவும் சூடான எண்ணெயை விட்டதும் பிளந்தது. இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள், விக்டோரியா மாநிலமே ஏறக்குறைய இரண்டு வாரம் எரிவாயு இல்லாமல் தவித்தது.

நம் ஆவியாக்கிக்குப் பிறகு வரும் குழாயும் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆவியாக்கியைத் தாண்டினால் வாயு சாதாரண வெப்பத்துக்கு வந்துவிடும், அதனால் அங்கிருந்து எம்.எஸ். போடலாம் என்பது கணக்கு. வெயில் அடிக்கும் மார்ச்சில் இது சரி. ஜூனில் மழை பிடித்துக்கொண்டு காற்றில் ஈரம் ஏறியதும் இறக்கைகளில் பனிக்கட்டி கனமாகப் படியும். பனி மூடினால் காற்றின் வெப்பம் உள்ளே போகாது. அந்த நேரம் பார்த்து முதலாளி இரண்டாவது லேசரையும் ஓட விட்டால், ஆவியாக்கி தாங்கும் அளவைவிட அதிகம் இழுக்கப்படும். கடுங்குளிர் வாயுவும் சில நேரம் திரவமுமே மறுமுனையில் வெளிவரும். அங்கே காத்திருப்பது மைனஸ் 29க்குக் கீழே உத்தரவாதம் இல்லாத எஃகுக் குழாய், உள்ளே அழுத்தம், பக்கத்தில் ஆட்கள்.

அதனால் ஆவியாக்கியின் வாயோடு ஸ்டெயின்லெஸை நிறுத்துகிற கொட்டேஷனை நான் ஏற்கமாட்டேன். அதற்குப் பிறகும் ஸ்டெயின்லெஸ் தொடர வேண்டும். அதில் வெப்பநிலை உணரியும், குளிர் வந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வும் இருக்க வேண்டும். மைனஸ் 20 வருவதற்குள் அது மூட வேண்டும். வால்வு மூடுவதற்குள் கடந்துபோகும் குளிரைத் தாங்கும் நீளத்துக்கு அதன் பின்னும் ஸ்டெயின்லெஸ் வேண்டும். எம்.எஸ். அதற்கப்புறம்தான். இரண்டு ஆவியாக்கிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஒன்றில் பனி உருக நேரம் கொடுப்பது இன்னும் நல்லது. வால்வுக்கு ஆகும் செலவைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தால், மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் வந்து பனிபடிந்த இறக்கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரவம் நிரப்பும் இடத்துக்கும் இதே நியாயம். ஹோஸைக் கழற்றும்போது கொட்டும் திரவம் எம்.எஸ். செக்கர் தகட்டின்மேல் விழக்கூடாது. ஸ்டெயின்லெஸ் தட்டு வையுங்கள், அல்லது வெறும் கான்கிரீட்டாக விடுங்கள். தார்த் தளம் வேண்டவே வேண்டாம். காப்பில்லாத குழாயின்மேல் காற்றே திரவமாகிச் சொட்டும். மைனஸ் 183இல் திரவமாகிவிடும் ஆக்சிஜன் அந்தச் சொட்டில் அதிகம் இருக்கும். தாரிலும் எண்ணெய்க் கறையிலும் அது விழுந்தால் ஒரு பொறி போதும். தாங்கிகளை எம்.எஸ். கிளிப்பாகக் குழாயோடு சேர்த்துப் பற்ற வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கட்டையோ கண்ணாடியிழையோ இடையில் வைத்து, குழாய் நகர இடம் கொடுத்துப் பிடியுங்கள்.

பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் 40 டிகிரியில் காய்ந்துகிடக்கும் 12 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் திரவம் புகுந்தால், அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் சுருங்கும். இரு முனையையும் இறுகப் பிடித்திருந்தால் அந்தச் சுருக்கம் முழுவதும் வெல்டின்மேல் இழுவிசையாக இறங்கும். ஒரு முனையை மட்டும் நிலைநிறுத்தி, நடுவில் ஒரு லூப் விட்டு, முதல் நாள் திரவத்தை மெல்ல மெல்ல விட்டுக் குளிர வையுங்கள். ஹைட்ரோ டெஸ்ட் செய்த தண்ணீர் உள்ளே ஒரு சொட்டும் தங்காமல் உலர்ந்த நைட்ரஜன் வாயுவால் ஊதி எடுத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். தங்கிய தண்ணீர் முதலில் உறைந்து அடைப்பது வால்வு சீட்டையும் சேஃப்டி வால்வின் வாயையும்தான்.